படியேறும் எண்கள்

என் அக்கா நவமணி எந்தப் படி ஏறினாலும் வாய்க்குள் கான்டனீஸில் எண்ணுவாள். மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு, ஈப்போ நகரில் கான்டனீஸ் பேசும் ஒரு சீன வீட்டில் பிள்ளை பார்க்கப் போனாள். அந்தக் குழந்தையைப் படியேறப் பழக்குவதற்காகவே யாட், யீ, சாம் என்று அவர்கள் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணக் கற்றுக்கொண்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஒருநாள், அக்காவிடமிருந்து பிடித்துக்கொண்ட "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிக் குழந்தை படியேறியது. தோட்டத்துப் பேச்சு என் பிள்ளை வாயில் வரக்கூடாது என்று முதலாளியம்மா சீறினாள்.

அன்றே அக்கா துணிப்பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அவங்க எண்ணு என் வாய்க்கு ஆவுமாம். நம்ம எண்ணு அவங்க புள்ள வாய்க்கு ஆவாதாம்லா."

பிள்ளை அழுகிறதென்று இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். அக்கா போகவில்லை. இப்போது எங்கள் வீட்டிலேயே நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அதில் இருவர் சீனப் பிள்ளைகள். அவர்களும் தமிழில் எண்ணுகிறார்கள்.