அம்மாவின் தோய்க்கிற கல்

எனக்கு எழுத்து வாசிப்புக் காணாது என்று என் மருமகள்மார் குசினிக்குள் சமைத்துக்கொண்டு கதைப்பது எனக்குக் கேட்கிறதுதான். கதைக்கட்டும். ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் பூட்டுப்பட்டது. சுவிசுக்கு வந்து டொச் என்கிற ஜெர்மன் எழுத்துப் பிடிபட முதலே ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் ஒருமுறை, ஒரேயொரு முறை, என் எழுத்தைப் பார்த்து ஒரு டீச்சர் கதிரையை விட்டு எழும்பி நின்றவ. அந்தப் பெருமை இந்த மருமகள்மார் ஒருத்திக்கும் கிடைக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆராவ் நகரத்துக்குக் கிட்ட ஒரு கிராமத்தில், மாடி வீடொன்றின் கீழ்த்தட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா இரவிரவாக ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிவிட்டுப் பகல் முழுக்க நித்திரை. இந்தக் கதை முடியும்வரை அவர் நித்திரைதான், அவரை விடுவோம். மிச்சம் அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா.

அந்த வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெசின் நிலவறையில் இருந்தது. அதற்கு ஒரு அட்டவணையும் இருந்தது. எங்கள் முறை இரண்டு கிழமைக்கு ஒருக்கால், செவ்வாய்க்கிழமையில்.

“ஊத்தை செவ்வாய்க்கிழமை பாத்தோ வருது?” என்று அம்மா கேட்பா. அதோடு, மெசினுக்குள் உடுப்புச் சும்மா சுற்றுகிறதே ஒழிய அதற்கு அடி விழுவதில்லை, அடி விழாத உடுப்பில் ஊத்தை போகாது என்பது அவவின் தீர்மானம். ஒரு தோய்க்கிற கல்லுக்கும் வழியில்லாத நாட்டுக்குத் தன்னைக் கூட்டி வந்துவிட்டான் என்று மாமாவை ஒவ்வொரு நாளும் திட்டுவா.

மாமாவுக்குக் கிராமத்துச் சேமக்காலையில், புதைத்த இடங்களைச் சுற்றிப் புல் வெட்டுகிற, பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. ஒரு பின்னேரம் கைவண்டிலில் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேல்பக்கம் தோய்ப்பதற்கென்றே பொளிந்தது போல அளவான சொரசொரப்பு.

“ஆத்தில கிடந்தது, அக்கா.”

வீட்டுக்குப் பின்னால், அப்பிள் மரத்துக்குக் கீழே இரண்டு மரக்கட்டைமேல் கல் ஏறியது. அம்மா முதல் அடி அடித்தபோது மேல் மாடி யன்னல்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

ஒருநாள் என் பந்து கல்லுக்குக் கீழே உருண்டு போனது. மல்லாந்து படுத்து உள்ளே ஊர்ந்தேன். கல்லின் அடிப்பக்கம் கண்ணாடிபோல் மினுமினுப்பு. அதில் பெரிய பெரிய எழுத்துகள், ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை. அதற்குள் மாமா என் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். இங்கே ஒரு புதைகுழியை இருபது இருபத்தைந்து வருசம்தான் வைத்திருப்பார்களாம். பிறகு கல்லைக் கிளப்பி, உடைக்கக் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் குவித்திருந்ததில் ஒன்றைத்தான் மாமா தன் வேலைக்குப் பொறுப்பான பெரியவரிடம் கேட்டு எடுத்திருக்கிறார்.

“பிள்ளை, கொம்மாவுக்கு மூச்சு விட்டிடாதை. செத்தவீட்டுக்குப் போய் வந்தாலே முழுகாமல் வாசல்படி ஏறாத மனுசி. அறிஞ்சா என்னைக் கட்டிலோட தூக்கி வெளியில எறிவா. எனக்கு இந்த நாட்டில வேற ஆர் இருக்கினம், சொல்லு?”

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் எனக்கொரு சொக்லேட். நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கல்லுக்குக் கீழே போவதை விடவும் இல்லை. டீச்சர் பலகையில் எழுதுகிற கூட்டெழுத்து எறும்பு வரிசை போல ஓடும், எனக்குப் பிடிபடாது. கல்லில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நிமிர்ந்து நின்றது. விரலால் தடவித் தடவி, பொருள் தெரியாமலே முழுவதையும் பாடமாக்கினேன்.

ஒருநாள் டீச்சர் எல்லாரையும் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னா. மற்றப் பிள்ளைகள் பூனையைப் பற்றியும் தாத்தாவின் மாட்டுப் பட்டியைப் பற்றியும் எழுதின. நான் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். நட்சத்திரமும் சிலுவையும்கூட விடவில்லை. டீச்சர் கொப்பிகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தா. என்னுடையது வந்தது. எழும்பி நின்றுவிட்டா.

எங்கே பார்த்தாய் என்று கேட்டா. நான் சொக்லேட்டை நினைத்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். திரும்பக் கேட்டா. என் கை தானாகவே எங்கள் வீட்டுப் பக்கம் நீண்டுவிட்டது.

அன்று பின்னேரமே சைக்கிளில் வந்து இறங்கினா. பின்னால் சுருட்டிய கடதாசி, கையில் கறுப்பு மெழுகுக் கட்டி. அம்மா மாமாவின் ஜீன்ஸைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தா. டீச்சர் அம்மாவுக்குக் கைகொடுத்துவிட்டு, முழங்காலை ஊன்றி, தலையைக் கல்லுக்குக் கீழே விட்டா.

“டேய் தம்பி, இந்த மனுசி என்னடா தேடுது?”

“நல்ல கல்லைக் கண்டா சுவிஸ்காரர் இப்பிடித்தான் குனிஞ்சு பாப்பினம், அக்கா.”

அந்த ஒரு பொய்யை நம்பி மாமா இன்னும் கொஞ்சம் பிழைத்திருப்பார். ஆனால் டீச்சர் கல்லைப் புரட்டச் சொல்லிவிட்டா. புரண்டது. வெயிலில் சிலுவை பளபளத்தது. அம்மா அதைப் பார்த்தா, கையிலிருந்த ஜீன்ஸைப் பார்த்தா, மாமாவைப் பார்த்தா.

“ஒரு வருசமா செத்த ஒரு ஆளுக்கு மேல வைச்சோடா உன்ர களுசானை நான் அடிச்சனான்?”

ஈர ஜீன்ஸ் மாமாவின் முகத்தில் போய் விழுந்தது. “கட்டிலைக் கழட்டு! இண்டைக்கே!”

அப்போதுதான் டீச்சர் அழுவது எங்களுக்குத் தெரிந்தது. கல்லின் கடைசி வரியில், ஒரு சொல்லில் விரலை வைத்துக்கொண்டு அழுதா. மாமா முகத்தைத் துடைத்துவிட்டு, கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார். அது டீச்சரின் அம்மம்மாவின் கல். டீச்சரின் தாயைச் சின்ன வயதிலேயே வேறொரு பண்ணைக்கு வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவவை விட்டுவிட்டு, அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றுதான் கணக்குச் சொல்வார்களாம். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராய்ச் சேமக்காலைகளுக்குப் போய், கல்லின்மேல் கடதாசி வைத்துத் தேய்த்துத் தன் சொந்தங்களைச் சேர்த்து வந்திருக்கிறா. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவ வர முதலே கிளப்பிவிட்ட இந்தக் கல்லுக்குத்தான் பிந்திப் போய்விட்டா.

“‘நாலு பிள்ளையளின்ர தாய்’ எண்டு எழுதியிருக்காம், அக்கா. நாலு.”

கட்டில் கதையை அம்மா விட்டுவிட்டா. உள்ளே போய்ச் சுத்தமான தண்ணீரும் வெள்ளைத் துண்டும் கொண்டு வந்து, கல்லின் முகத்தைத் தானே துடைத்தா. சவர்க்காரத் தண்ணீர் வடிந்து வடிந்து பாசியே பிடிக்கவில்லை, சுவிசிலேயே துப்புரவான கல் இதுதான் என்று டீச்சர் அழுகைக்குள் சிரித்தா. பிறகு, மரியாதைக்குக் கேட்பதுபோல், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அம்மாவைக் கேட்டா.

பள்ளிக்கூடப் படிவத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. அம்மா கல்லையே பார்த்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினா.

எனக்கு முன்னால் ஒருவன் பிறந்து, முப்பத்தொரு நாள் கழிய முதல் செத்துப் போய்விட்டான் என்பதும், பச்சைப் பிள்ளை என்பதால் அவனை எரிக்காமல் புதைத்தார்கள் என்பதும், அந்த இடத்தில் ஒரு கல்லுமில்லை என்பதும் எனக்கும் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரியும். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு எழுத்தும் படித்தவள் நான் ஒருத்தி நிற்கிறேன், அம்மாவுக்கு ஒன்று இரண்டுகூட எண்ணத் தெரியவில்லையே என்று டீச்சருக்கு முன்னால் வெட்கப்பட்டேன். ஒரு விரலை மடக்கச் சொல்லி, பின்னால் நின்று அம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். அவ மடக்கவில்லை.