ஷாக் அடிக்காத கை

என் அத்தான் நாற்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவர். தன்னை ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். அடித்தபோது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஏணியில் மூன்று படி சறுக்கி வந்து விழுந்துவிட்டு, செருப்பு வழுக்கியது என்றார். வெறுங்காலோடு இருந்தார். சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் இருக்கும் என்பதால் அவருக்கு டெஸ்டர் என்றே பேராகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. முதல் சில மாதங்கள்தான் முக்கியம், விடாமல் பிசியோதெரபி செய்யுங்கள் என்றார் டாக்டர். அக்கா அழுதாள். அத்தான் கேட்டது ஒன்றுதான்: மறுபடி ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியுமா? பார்க்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

தினமும் காலையில் நான்தான் காரில் கூட்டிப்போவேன். முதலில் சிவப்பு விளக்கின் சூட்டைக் கையில் காட்டுவார்கள். பிறகு முன்கையில் இரண்டு பட்டைகளை ஒட்டி, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து அளவாகக் கரண்ட் விடுவார்கள். தசை சுண்டி, மடங்கிக் கிடக்கும் விரல்கள் விரிய வேண்டும். கரண்ட் பக்கம் போகாதே என்று ஊரையே விரட்டியவர், தினமும் கையை நீட்டிக் கரண்ட் வாங்கினார். சும்மா வாங்கினாரா? விளக்கின் ஹோல்டர் ஆடுகிறது, எர்த் சரியில்லை என்று முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். தெரபிஸ்ட் பெண் பொறுமைசாலி.

சூடு தெரிகிறதா என்று கேட்பாள். இதமாக இருக்கிறது என்பார். கரண்ட் தெரிகிறதா என்பாள். அவள் பெட்டியின் திருகைத் தொட்டதுமே போதும் போதும் என்பார். மூன்று வாரம் போனது. ஒரு விரல்கூட அசையவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் வந்து சொன்னார். நானும் ஆமாம் போட்டேன்.

ஒரு நாள் அவள் பட்டைகளை ஒட்டிய கையோடு, அடுத்த அறையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஓடினாள். திரும்பி வரும்போது வாசலிலிருந்தே, "தெரியுதா சார்?" என்றாள்.

"நல்லாத் தெரியுதும்மா. சுள்ளுனு இருக்கு, இதுக்கு மேல ஏத்தாத."

அவள் பெட்டியைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவிட்சே போடவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மட்டும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எத்தனை நாளாகத் தெரியவில்லை என்று கேட்டாள். முதல் நாளிலிருந்தே என்றார். அன்று கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்த்த பரிசோதனையில், இமை இடுக்கில் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாராம்.

"கரண்ட்காரன் கைக்குக் கரண்டே தெரியலன்னு எந்த வாயால சொல்றதும்மா?"

விளக்கை அவள் அன்றே நிறுத்திவிட்டாள். உணர்ச்சியில்லாத தோல் வெந்தாலும் இவர் இதமாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். கரண்ட்டை அவரைக் கேட்காமல், தசையைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்றினாள். நான்கு விரல்களும் நிமிர்ந்தன. அத்தான் அதை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். வீணாய்ப்போன மூன்று வாரத்துக்காக அவரைத் திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டார். அதன்பின் தினமும் அந்தப் பெண் கேட்பாள், அவர் தெரியவில்லை என்பார். அதைச் சொல்ல அவர் படும் பாட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு காலை, அவள் கேட்பதற்கு முன்பே முகம் சுளித்துத் தோளை வெடுக்கென்று இழுத்தார். திருகைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார். போட்டுத்தான் இருந்தது.

"உங்கக்காவுக்குப் போன் பண்ணு," என்றார் என்னிடம். "எனக்கு ஷாக் அடிச்சிடுச்சுன்னு சொல்லு."

எந்தச் செய்தி வந்துவிடக் கூடாது என்று அக்கா நாற்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாளோ, அதையே நான் போனில் சொன்னேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள்.