குளியலறையில் ஒரு மேசை

என் மாமா பொய்யர். அம்மாவின் சொந்தத் தம்பி, எங்களோடுதான் இருந்தார். எல்லார் முன்னாலும் கூசாமல் பொய் சொன்னார்.

வியாசர்பாடியில், மூன்றாவது மாடியில், ஒற்றை அறை வீடு. குளியலறை உண்டு, குழாயும் உண்டு. நான் பிறந்ததிலிருந்து தண்ணீர்தான் அதில் ஏறியதில்லை. கீழே அடிபம்பில் அடித்து, தட்டி மறைப்புக்குள் குளிப்போம். குளியலறையில் ஓட்டைக் குடங்கள் கிடந்தன.

அக்கா பத்தாவது வந்ததும், டிவி சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று அழுதாள். பெயிலானால் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போ என்று அப்பா சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா குடங்களைத் தூக்கி எறிந்தார். கரப்பான் ஏறாமலிருக்க, தண்ணீர் போகும் ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார். துறைமுகத்துப் பெட்டிப் பலகையில் மேசை அடித்தார், பல்பு மாட்டினார். நோட்டுகளைத் தரையில் அடுக்கினாள் அக்கா. குழாயில் பையை மாட்டினாள்.

"இன்னா மாமு, கலெக்டர் ஆபீஸ் தொறந்துகினியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

எனக்கு எட்டு வயது. உள்ளே போனால் உதை. பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, அக்கா காலையில் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போன பிறகு உள்ளே நுழைந்து, துருப்பிடித்த குழாயைத் திருகித் திருகிப் பஸ் ஓட்டினேன். அம்மா கூப்பிட்டதும் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அன்றைக்குத்தான் கீழே புது மோட்டார் ஓடவிட்டார்களாம். சாயங்காலம் வந்தபோது பூட்டிய கதவுக்கடியிலிருந்து படிக்கட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் நோட்டுகள் மிதந்தன. எழுத்தே இல்லை.

"எவன் தொறந்தது?" என்றார் அப்பா. கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மணலியில் டேங்கர் லாரி வேலை முடிந்து அப்போதுதான் வந்த மாமா, பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார். உள்ளங்கைத் துருவைத் தன் துண்டால் துடைத்தார்.

"நாந்தான்க்கா. காலீல தண்ணி வருதான்னு தொறந்தேன். மூட மறந்துட்டேன்" என்றார் அம்மாவிடம்.

"அறிவு கீதாடா உனுக்கு? பொண்ணு வாழ்க்கையே பூட்ச்சே!" என்று அம்மா கத்தினாள்.

விடியற்காலை நான்கு மணிக்கே அவர் வேலைக்குப் போனது யாருக்கும் நினைவு வரவில்லை. அப்பா அவருடைய பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். அக்கா அறிவியலில் பெயில். தையல் மிஷினில் உட்கார்ந்தாள். இன்றுவரை மாமாவோடு பேசுவதில்லை.

எனக்கு அன்று அடி விழவில்லை, அவ்வளவுதான் தெரியும். நன்றாகத் தூங்கினேன். அந்தப் பெட்டியோடு சேர்த்து அவர் எதைத் தூக்கிக்கொண்டு இறங்கினார் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாமா வழக்கம்போல மண்டபத்து வாசலிலேயே நிற்பார். திறந்தது நான்தான் என்று மைக்கில் சொல்லப்போகிறேன். மாமா, நீயும் மேடைக்கு வா. உன்னை யார் பொய் சொல்லச் சொன்னது? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அக்கா முன்னால், எல்லார் முன்னால், பதில் சொல்.