மெடிக்கல்காரர் போடாத ஊசி

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொரோனா சமயத்தில் ஆரணியில் எங்கள் தெரு நெசவாளர்களின் பெயரையெல்லாம் தன் போனில் பதிந்து, தடுப்பூசிக்கு அனுப்பியவர் மெடிக்கல் கடைக்காரர். சர்க்கரை நோயுள்ள என் மனைவி பயந்தாள். அவர் பேச்சை நம்பி, நான்தான் வற்புறுத்தி முதல் ஊசி போடவைத்தேன்.

இரண்டாவது ஊசிக்குப் பதிய அவர் கடைக்குப் போனபோது, “ஊசி போட்டதும் உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சாண்ணா?” என்று அவள் கேட்டாள்.

“நான் எங்கமா போட்டுகினேன்? தினம் நோயாளிங்க நடுவுல நின்னுகினு இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆவாது” என்று சிரித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

“அப்போ நாங்க மட்டும் இளிச்சவாயனுங்களா?” என்றாள் அவள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்டுவிட்டு, அவள் இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டாள். மெடிக்கல்காரர் அப்போதும் ஊசி போட்டுக்கொள்ள வரவில்லை.