சீட்டுக்கு அடியில் ஒரு கியர்

அத்தையின் சைக்கிளைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் மாடம்பாக்கத்தில் யாரும் இல்லை. சக்கரம் இரண்டும் குழந்தை சைக்கிள் அளவு, சீட்டு மட்டும் ஒட்டகம் மாதிரி உயரம். எங்கள் திருச்சபையில் வேலை செய்த வெளிநாட்டு டீச்சரம்மா, ஊருக்குத் திரும்பும்போது அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனது. மூன்று கியர் உண்டு. புடவையோடு ஏறலாம், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்த அத்தைக்கு அந்த இரண்டாவது காரணம்தான் முக்கியம். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா ஆரம்பித்தால், "எனக்குச் சைக்கிள் இருக்குண்ணா" என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அத்தை பாடம் நடத்திய பள்ளியில்தான் நான் இரண்டாம் வகுப்பு படித்தேன். கேரியரில் என் சவாரி. வழியில் ஏரிக்கரை ஏற்றம் வரும். கியரைக் குறைக்காமல் அதில் ஏற முடியாது. கியர் மாற்றும் விசை வலது கைப்பிடியில் இருந்தது, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அந்த வருஷம் அது ரொம்ப இறுகிப்போச்சு என்று அத்தை குறைப்பட ஆரம்பித்தாள். புது கேபிள் போட்டாள். பிறகு, கைப்பிடியை முறுக்கினால் கியர் மாறுகிற புது மாடலை வாங்கிப் பொருத்தினாள். அதுவும் சரிப்படவில்லை. இந்தக் காயலாங்கடைச் சரக்குக்கு இன்னும் எத்தனை நகை பூட்டப் போகிறாய் என்று அப்பா கேலி செய்தார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போய், நீளமான விசை ஒன்றைச் சீட்டுக்குக் கீழே, தண்டின் பின்பக்கத்தில் மாட்டச் சொன்னாள்.

"அங்க வெச்சா உங்களுக்கு எப்டி டீச்சர் எட்டும்?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு எட்ட வேணாம். இனிமே கியர் பாப்பா டிபார்ட்மென்ட்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏரிக்கரை வந்ததும் அத்தை "ஒன்னு" என்பாள், இழுப்பேன். உச்சிக்கு வந்ததும் "ஸ்தோத்திரம்" என்பாள், தள்ளுவேன். கொஞ்ச நாளில் அவள் டிபன் டப்பாவைத் திறப்பதும், பேனா மூடியைக் கழற்றுவதும், புடவைக்கு ஊக்கு மாட்டுவதும்கூட என் டிபார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் பதவி உயர்வு என்றே நினைத்தேன். இப்போது நாவலூர் ஆபீஸில் நிஜமாகவே பதவி உயர்வு வந்தபோதுகூட அத்தனை சந்தோஷம் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில், ஏரிக்கரை இறக்கத்தில் சைக்கிள் நிற்காமல் ஓடியது. பிரேக் மேல் அத்தையின் விரல்கள் இருந்தன, அழுத்தவில்லை. நேராக வேலிகாத்தான் புதரில் போய் விழுந்தோம். எனக்கு முழங்கால் சிராய்ந்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கியரைத் தப்பாகப் போட்டுவிட்டேனா என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"இல்ல கண்ணு. நீ சரியாத்தான் போட்ட."

நான் நம்பவில்லை. அன்று மாலையே அப்பா சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிப் பூட்டினாரே. எனக்குச் சைக்கிள் இருக்கு என்று அத்தை சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அவள் வரவேயில்லை.

பிறகு வேலையையும் விட்டாள். அவளுக்கு வந்திருந்தது நரம்பு நோய், விரலில் தொடங்கி மேலே ஏறும், மருந்து கிடையாது என்பதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: நான் போட்ட கியர்.

அதனால் தினமும் மாலை குடும்ப ஜெபத்தில் என் முறை வரும்போது, இனிமேல் கியரைச் சரியாகப் போடுகிறேன், அத்தையை மறுபடி சைக்கிள் ஓட்ட விடுங்கள் என்று இயேசப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் நடுவில் கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் கைகூப்பி இருக்க, அத்தையின் கைகள் மட்டும் மடியில் சும்மா கிடந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இங்கே மன்றாடிக்கொண்டிருக்கிறேன், இவள் கையைக்கூடக் கூப்பவில்லை. ஜெபம் எப்படிக் கேட்கப்படும்?

"அப்பா, அத்தை கை கூப்பவே மாட்டேங்குறாங்க" என்று போட்டுக்கொடுத்தேன்.

அப்பா எழுந்து போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கைகள் இரண்டையும் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, தன் கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார். அவரால் மேற்கொண்டு ஜெபிக்க முடியவில்லை. அத்தைதான் "ஆமென்" சொல்லி முடித்தாள்.

அப்பா அவளை நன்றாகக் கண்டித்துவிட்டார் என்ற திருப்தியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.