எங்கள் வீட்டைக் கடந்து போன பஸ்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் கரும்புத் தோகை கிழித்து இடது கண்ணில் பார்வை போய்விட்டது. அதனால் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டும்வரை அது ஒரு குறையாகத் தோன்றவே இல்லை என்றால், அதற்கு நாங்கள் குடியிருந்த சந்துதான் காரணம்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்தச் சந்து. வாடகை வீடு, இரண்டே அறை. எனக்குச் சின்னசேலத்தில் மக்காச்சோள மண்டியில் கணக்கு வேலை. பஸ் உறுமும் சத்தம் கேட்ட பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் உட்கார இடம் கிடைக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. மருந்துக் கடை, மாவு மில், காய்கறிக் கடை எல்லாம் கூப்பிடு தூரம். என் மனைவி வாணலியில் எண்ணெயை ஊற்றிய பிறகுதான் கடுகு டப்பாவைத் திறந்து பார்ப்பாள். காலியாக இருந்தால் மகன் ஓடுவான். எண்ணெய் காய்வதற்குள் கடுகு வந்துவிடும்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, "மலைக்குப் போலாமா?" என்று யாராவது கேட்பார்கள். புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு நடந்துபோய்க் கரியாலூர் பஸ் ஏறுவோம். வளைவுகளில் மகளுக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே என் மடியில் சாய்ந்து வருவாள். மேலே போய் அருவியைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். இன்று நினைத்தால் எத்தனை சுலபமாகப் போய் வந்திருக்கிறோம் என்று ஆச்சரியமாக இருக்கிறது.

சொந்த வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டது நாங்கள் இரண்டு பேரும்தான். சின்னசேலம் ரோட்டில், ஊரைத் தாண்டி, கரும்புக் கொல்லையாக இருந்த இடத்தில் மனை பிரித்து நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மொட்டை மாடியில் நின்றால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் மயங்கினோம். குடிபோன முதல் வாரம்தான் புரிந்தது, அங்கே வீடுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒரு டீக்கடைகூட இல்லை. பஸ் நிறுத்தமும் இல்லை.

அதனால் என் மனைவி ஸ்கூட்டர் கற்றுக்கொண்டாள். காலி மனைகளுக்கு நடுவே, எல்லைக் கற்களைச் சுற்றிச் சுற்றி, இரண்டு தடவை முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு கற்றாள். காலையில் மகளையும் மகனையும் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவாள். பிறகு என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடுவாள். அங்கிருந்து திரும்பி வந்தால் கொத்தமல்லி மறந்திருக்கும். மறுபடியும் வண்டியை எடுப்பாள். சாயங்காலம் அதே வரிசை தலைகீழாக நடக்கும். சந்தில் வண்டியே இல்லாமல் பத்து வருஷத்துக்கு மேல் காலத்தை ஓட்டியவர்கள், வண்டியை விட்டு இறங்க நேரமில்லாமல் ஆகிவிட்டோம்.

இதில் ஒரு கூத்து உண்டு. அவள் என்னை ஊருக்குள் கொண்டுபோய் ஏற்றிவிடும் பஸ், திரும்ப எங்கள் நகர் முனையைக் கடந்துதான் சின்னசேலம் போகும். ஜன்னல் வழியே எங்கள் வீட்டு மாடியில் காயும் துணிகூடத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொம்ப நாளைக்குப் பிறகு, மலைக்குப் போகலாம் என்று மகன் பிடிவாதம் பிடித்தான். நாலு பேர், ஒரு ஸ்கூட்டர். மனைவி முதலில் பிள்ளைகளைப் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு, திரும்பி வந்து என்னையும் சாப்பாட்டுப் பையையும் ஏற்றிக்கொண்டாள். போய்ச் சேர்ந்தபோது கரியாலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. வண்டியை எங்காவது விட வேண்டுமே. "பின்னாடி சந்துல டூவீலர் ஸ்டாண்டு கீதுங்க" என்று பூக்காரம்மா கை காட்டினார்.

சந்துக்குள் போனோம். நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்க்க மனம் வராமல் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். அந்த இடத்தில்தான் ஸ்டாண்டு. தகரக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக வண்டிகள். எல்லாம் எங்களைப் போலவே ஊருக்கு வெளியே குடிபோனவர்கள் விட்டுப்போனவை. பழைய சிவப்புத் தரையை மட்டும் பெயர்க்காமல் விட்டிருந்தார்கள்.

மனைவி டோக்கனை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். "அடுப்பாங்கர இங்கதான இருந்திச்சி?" என்றாள்.

"இல்ல, அது அந்தப் பக்கம். இது நாம படுத்துக்கினு இருந்த எடம்."

அவள் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒரு பைக்கிலிருந்து எண்ணெய் சொட்டியிருந்தது. நாங்கள் எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. மகள் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அப்பா, பஸ்சு போயிடுச்சி. வந்துக்கினே இருக்காங்கன்னு சொன்னேன், கண்டக்டரு கேக்கல."

அடுத்த பஸ்ஸுக்கு மதியம்வரை காத்திருக்க வேண்டும். ஓட்டலில் ஆளுக்கொரு பூரி சாப்பிட்டுவிட்டு, இரண்டு நடையாக வீடு திரும்பினோம். கொண்டுபோன புளிசாதத்தை மாடியில் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். கை கழுவும்போது மனைவி சொன்னாள்:

"நாளைக்கி உங்கள டவுனுக்கு இட்டுக்கினு போமாட்டங்க. நம்ம முனையிலயே நில்லுங்க. நானும் வரேன்."

மறுநாள் அவள் தனியாக வரவில்லை. எதிர்வீட்டு நர்ஸம்மா, கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்கள், கட்டட வேலைக்கு வந்துபோகும் சித்தாள்கள் என்று முனையில் ஒரு சிறு கூட்டம் நின்றது. பஸ் வந்ததும் மனைவி ரோட்டோரத்துக்கு வந்து கையைக் காட்டினாள். பஸ் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "இங்க ஸ்டாப்பிங் கெடையாதும்மா" என்றார்.

"தெரியுங்க. தெனமும் இவர நான் டவுன்ல கொண்டாந்து வுடறேன். நீங்க ஏத்திக்கினு எங்க வூட்டு முன்னாலயே போறீங்க. எனக்கு இன்னாத்துக்குங்க இந்த அலைச்சல்?"

டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "டிப்போல ஒரு மனு குடுங்க. அதுவரிக்கும் ஆளு நின்னா நான் நிறுத்தறேன்" என்றார்.

மனு கொடுத்தோம். பல மாதம் கழித்து நிறுத்தம் வந்தது. அதற்கு முன்பே, ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்து, அந்த முனையில் ஒருவர் டீக்கடை போட்டார். டீக்கடைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வந்தது, பிறகு தையல் கடை. கொத்தமல்லிக்காக யாரும் இப்போது வண்டி எடுப்பதில்லை.

மனைவி ஸ்கூட்டரை விற்கவில்லை. கேட்டதற்கு, "இப்பதாங்க எனக்குன்னு ஓட்டறேன்" என்றாள். சில சாயங்காலங்களில் காரணமே இல்லாமல் மலை தெரியும் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்விட்டு வருகிறாள். நான் காலையில் முனைவரை நடந்துபோய், டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். பஸ் தூரத்தில் வரும்போதே கடைக்காரர் சொல்லிவிடுவார். அவசரமில்லாமல் எழுந்திருக்கிறேன்.