உப்பளத்தில் பாடிய மழைக்கவிதை

நான் ஒரு மடையன்.

வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு இது புதினமல்ல. ஆனால் இம்முறை சாட்சிகள் இருக்கிறார்கள். ஒரு மண்டபம் நிறைய.

பாலாவிப் பக்கத்தில் உப்பளத் தொழிலாளர் சங்கமொன்று ஆண்டுவிழா வைத்தது. "இயற்கையப் பத்தி ஒரு கவிதை பாடுங்க சேர்" என்று செயலாளர் கேட்டார். பொன்னாடை உண்டா என்றுகூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன்.

அந்த நாட்களில் எனக்கு இயற்கை என்றால் ஒன்றே ஒன்றுதான் — மழை. எங்கள் ஊரான கனமூலையில், வளவில் வைத்த தென்னம்பிள்ளைகள் மழை காணாமல் ஓலை கருகி நின்றன. வாளி வாளியாய்த் தண்ணீர் அள்ளி ஊற்றி எங்கள் இடுப்பு ஒடிந்துபோனது. (எங்கள் என்றால், என் மனைவியின்.) ஆகவே நெஞ்சுருகி எழுதினேன். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்:

*வா மழையே வா...*
*வாரி வாரிப் பொழிய வா!*
*வெள்ளை வெயில் பாளம் பாளமாய்*
*விரிந்து கிடக்குது பார் —*
*அத்தனையும் கரைத்து விட்டு*
*ஆறாய் ஓடிப் போ!*

கண்ணைத் திறந்தேன். கைதட்டல் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் மெல்ல எட்டி, ஜன்னலால் வானத்தைப் பார்த்தார்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கவில்லை. அது உப்பு வாருகிற கடைசிக் கிழமை. பாத்தியில் உப்பு விளைந்து கிடக்கும்போது ஒரு மழை விழுந்தால் போதும். அத்தனை நாள் வெயிலில் நின்று பட்ட பாடு திரும்பவும் தண்ணீராகிவிடும். அந்த மனிதர்களுக்கு முன்னால் நின்றுதான் நான் 'கரைத்து விட்டுப் போ' என்று கை நீட்டிப் பாடியிருக்கிறேன்... கலியாண வீட்டு மைக்கில் செத்தவரின் ஜனாஸா அறிவித்தல் வாசித்த மாதிரி.

மேடையை விட்டு இறங்கும்போது மரியம் ராத்தா எதிரே வந்தார். என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அக்கா முறை வைத்து ராத்தா என்றதால் எனக்கும் ராத்தா. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். இந்த உப்பளத்தில்தான் பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். யுத்தம் முடிந்த பிறகு மூத்த மகன் மன்னாருக்குத் திரும்பி, பழைய வளவைத் துப்புரவாக்கி வீடு கட்டுகிறார். சுவர் எழும்பிவிட்டது. ராத்தாவின் இந்தப் பாத்தி உப்பு விலைப்பட்டால்தான் கூரைக்கு ஓடு. இவ்வளவையும் செயலாளர்தான் பிறகு சொன்னார். ராத்தா சொன்னது கொஞ்சம்தான்.

"நல்ல குரல் சேர். எண்ட பாத்தி பூத்திரிக்கி. ரெண்டு நாளைக்கு மட்டும் அந்தக் கவிதைய வேற எங்கயும் பாடிராதீங்க."

பூத்திருக்கிறது! நான் எத்தனை வருடமாய்க் கவிதை எழுதுகிறேன்? மல்லிகையைப் பூக்க வைத்தேன், தாமரையைப் பூக்க வைத்தேன், ஒருமுறை ஒரு பெண்ணின் தும்மலைக்கூடப் பூக்க வைத்திருக்கிறேன். உப்புப் பூக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவர்களுக்கோ அது தினசரிப் பேச்சு.

மறுநாள் காலை. வீசிக்கொண்டிருந்த கச்சான் காற்று சட்டென்று நின்றிருந்தது. மேற்கே வானம் கறுத்து வந்தது. என் தென்னம்பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நான் சிரித்த சிரிப்பு பாதியிலேயே போய்விட்டது. டெலிபோன் அடித்தது. செயலாளர்.

"சேர், ஒங்கட மழை வந்துக்கிட்டிரிக்கி."

பகிடிக் குரல் இல்லை. ராத்தாவின் பாத்தி இன்னும் வாரி முடியவில்லை. வாரினாலும் குவியலை மூடத் தென்னோலைக் கிடுகு இல்லை. எடுத்து வைத்திருந்ததைக் கறையான் தின்றுவிட்டது. தென்னந்தோட்ட ஊர்தானே உங்கள் ஊர், ஏதும் செய்ய ஏலுமா என்றார்.

எங்கள் வீட்டில் கிடுகு இருந்தது. வேலி அடைக்க என் மனைவி தன் கையால் பின்னி அடுக்கி வைத்தது. தலையைச் சொறிந்துகொண்டு கேட்டேன்.

"மழையக் கூப்பிட்டது நீங்க. கிடுகு குடுக்கிறது நானா?" என்றாள். சொன்ன வாய் மூடுமுன் முதல் கட்டைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். பக்கத்து வளவுக்காரரின் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

உப்பளத்தில் ராத்தாவும் நாலு பெண்களும் பலகையால் உப்பை இழுத்து இழுத்துக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது கூடையில் கால் வழுக்கி, பாத்திக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். சிராய்ப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று எந்தக் கவிஞனாவது பாடியிருக்கிறானா? நானும் பாடவில்லை. அலறினேன். முதல் நாள் கிடைக்காத கைதட்டல் அன்று கிடைத்தது.

கடைசிக் கிடுகைக் கயிற்றால் இறுக்கும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

எல்லோரும் கொட்டிலுக்குள் ஒடுங்கி நின்றோம். மழையென்றால் மழை... நான் கேட்ட மாதிரியே வாரி வாரி. ராத்தாவின் கண் குவியலை விட்டு அசையவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மனைவி டெலிபோன் எடுத்து, தென்னம்பிள்ளையெல்லாம் அடிவரைக்கும் நனைந்துவிட்டது என்றாள். சந்தோஷத்தில் அழவேண்டும்போல் இருந்தது. ராத்தாவுக்குப் பக்கத்தில் நின்று அழ வெட்கமாகவும் இருந்தது.

மழை விட்டதும் ராத்தா போய் ஒரு கிடுகை விலக்கி, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். காய்ந்த உப்பு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுல ஒங்கட பொஞ்சாதிக்குச் சொல்லுங்க, அவங்கட கிடுகுதான் காப்பாத்தினதெண்டு. ஒங்கட தென்னைக்கும் நல்ல மழைதானே?" என்றார்.

தன் உப்பைக் கரைக்க வந்த மழையிலும் என் தென்னையைப் பற்றிச் சுகம் விசாரிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் அன்று நிறையப் பேர் — வெயிலைத் தந்தவன், மழையைத் தந்தவன், இரண்டையும் தந்தவன் ஒருவன்தான். வேலியை அடைக்காமல் விட்டுக் கிடுகைத் தந்தவள். விழுந்தவனைத் தூக்கிவிட்டு அதற்குப் பிறகு சிரித்த நாலு பெண்கள்.

இயற்கையைப் பாடுகிறவர்களுக்கு ஒரு சின்ன விண்ணப்பம்: மழையைக் கூப்பிடுமுன் யாருடைய பாத்தி பூத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். கூப்பிட்டுவிட்டீர்களா? கிடுகோடு போங்கள்.

புறப்படும்போது எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ராத்தா, இத வச்சி ஒரு கவிதை எழுதட்டா?" என்று கேட்டேன்.

கிடுகைத் திரும்பவும் மூடிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"வெயிலப் பத்தி எழுதுங்க."